பொதிகை உச்சியில் கணக்கெழுதிய பிரவுன் துரை

உதியன்குளங்கரை, பாறசாலைப் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களில், ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் போய் மியூசியத்தைச் சுற்றிப் பார்க்காதவர் குறைவு. 1857-ல் அந்த மியூசியம் திறக்கப்பட முன்னின்று உழைத்தவர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆனால் அன்னாருடைய பெரிய வேலை மியூசியம் அல்ல. காற்றையும் வெப்பத்தையும் காந்த ஊசியின் அசைவையும் நாள் தவறாமல் பார்த்துக் கணக்கெழுதியதே அது.

பிரவுன் 1817-ல் டம்ஃபிரீஸ் என்ற ஊரில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் அமைத்த வானாராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவர் கால்டிகாட் 1849-ல் காலமானார். அந்த இடத்துக்கு 1852 ஜனவரியில் பிரவுன் வந்து சேர்ந்தார்.

ஊரில் எடுக்கும் கணக்கு மட்டும் போதாது, உயரத்திலும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது அகஸ்தியர் மலை. நெய்யாற்றின்கரைக்கு நீர் தரும் நெய்யாறும், திருநெல்வேலிக்கு நீர் தரும் தாமிரபரணியும் பிறக்கும் அதே பொதிகைதான். ஆறாயிரம் அடிக்கு மேல் உயரம். யானையும் புலியும் உலவும் காட்டில் வழி வெட்டி, கருவிகளைச் சுமந்து ஏற்றி, 1855-ல் உச்சியில் ஆய்வுக்கூடம் எழுப்பினார். குளிரிலும் மழையிலும் அங்கே தங்கிக் கணக்கெடுத்தவர்கள் உள்ளூர் உதவியாளர்கள். பிரவுன் ஐரோப்பா சென்று 1863-ல் திரும்பியபோது கூடம் பாழடைந்து கிடந்தது. மனிதர் சளைக்கவில்லை. மீண்டும் கட்டி, 1865 வரை கணக்கெடுத்தார்.

இப்படி ஒருவர் உயிரைக் கொடுத்து எண்களை எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். பதிவேட்டில் ஒரு நாள் விட்டுப்போனாலும் கணக்கு உதைக்கும் என்பது குமாஸ்தாக்கள் அறிந்ததே. வறட்சியும் வெள்ளமும் எத்தனை ஆண்டுக்கொரு முறை வருகின்றன என்று பார்க்கவும் இதே விதிதான்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். ஹண்டர் என்ற அதிகாரி, சென்னையில் 1813 முதல் எழுதப்பட்டிருந்த மழைக் கணக்கை எடுத்துவைத்து, சூரியனில் கரும்புள்ளிகள் குறையும்போது மழையும் குறைகிறது, பதினோரு ஆண்டுக்கொரு முறை பஞ்சம் திரும்பும் என்று 1877-ல் எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 64 ஆண்டுக் கணக்கில் பதினோரு ஆண்டுச் சுற்று ஆறு முறைக்குள் முடிந்துவிடுகிறது. அதை வைத்து ஊருக்குப் பஞ்சம் குறிப்பது துணிச்சல்தான். பிற்காலக் கணக்குகள் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவே அந்த வறட்சிக்கு முக்கியக் காரணம் என்பதை, உலகெங்கும் சேர்ந்த பழைய பதிவேடுகளை ஒப்பிட்டுப் பின்வந்தவர்கள் கண்டார்கள். 1924-ல், அதாவது மலையாள ஆண்டு 1099-ல், வந்த பெருவெள்ளத்தோடு 2018 வெள்ளத்தை ஒப்பிட முடிந்ததும் பழைய மழைக் கணக்கு இருந்ததால்தான்.

சூரியன் விஷயத்தில் பிரவுனுக்கும் பங்கு உண்டு. காந்த ஊசியின் அசைவு சுமார் 26 நாளுக்கொரு முறை ஒரே போக்கில் திரும்புவதையும், அது சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு ஒத்துப்போவதையும் அவர் கண்டறிந்தார்.

1865-ல் அவர் புறப்பட்டதும் நிலையத்தின் வேலைகள் சுருக்கப்பட்டன. திருவனந்தபுரத்துக் கணக்குகளின் முதல் தொகுதி 1874-ல்தான் அச்சாயிற்று. 1878-ல் ராயல் சொசைட்டி பதக்கம் வழங்கியது. உடல்நலம் குன்றிய நிலையிலும் மற்ற நிலையங்களின் பழைய கணக்குகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அந்த வேலை முடியுமுன் 1879 நவம்பரில் லண்டனில் காலமானார்.