செகண்ட் ஹேண்டில் விமானம்... காரைக்குடியில் காலேஜ்! அழகப்பச் செட்டியாரின் இன்னொரு பக்கம்

பெரம்பலூரில் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனால் முதலில் என்ன பார்ப்போம்? ஆர்.சி புக், இன்ஷூரன்ஸ், இன்ஜின் சத்தம். அரியலூரில் சிமென்ட் லோடு ஓட்ட பழைய லாரி வாங்குறவங்க, எஃப்.சி எப்போ முடியுதுன்னு பார்ப்பாங்க. வண்டியின் விலை பெரிய விஷயமே இல்லை, வாங்கின பிறகு ஆகும் செலவுதான் ஆளைக் கவிழ்க்கும் என்பது எந்த லாரி ஓனருக்கும் தெரியும்.

அதுவே விமானமாக இருந்தால்? 75 வருஷத்துக்கு முன்பே தன் காசைப் போட்டு அதைத் தெரிந்துகொண்ட ஒருவர் நம்ம பக்கத்தில் இருந்தார். காரைக்குடியில் படித்தவர்களுக்கு அவரைக் கல்வி வள்ளலாகத் தெரியும். ஆனால், வள்ளல் அழகப்பர் பைலட்டாகவும் இருந்தார், ஒரு விமானக் கம்பெனியே வைத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

1909 ஏப்ரல் 6-ல், காரைக்குடி பக்கத்தில் இருக்கும் கோட்டையூரில் பிறந்தார் அழகப்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ முடித்துவிட்டு லண்டன் போனார். அங்கே பாரிஸ்டர் படிப்பு, வங்கியில் பயிற்சி. இதோடு நிறுத்தியிருந்தாலே போதும். ஆனால் மனுஷன் நேராக குராய்டன் போய் விமானம் ஓட்டக் கற்று, சான்றிதழும் வாங்கினார். அப்போது லண்டனின் முக்கியமான விமான நிலையம் அதுதான்.

ஊர் திரும்பியதும் தொழில். கேரளத்தில் திருச்சூர் பக்கம் ஜவுளி ஆலை, மலேயாவில் ரப்பர் தோட்டம் என்று பரந்துவிரிந்தார். அந்த ஜவுளி ஆலை இருந்த இடத்துக்கு இன்றும் அழகப்ப நகர் என்றுதான் பெயர்.

மலிவு விலையில் டகோட்டா

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தது. ராணுவம் பயன்படுத்திய டகோட்டா விமானங்கள் ஏராளமாக மிஞ்சிப்போய், மலிவாக விற்பனைக்கு வந்தன. ரெண்டு இன்ஜின், சுமார் 21 பேர் உட்காரலாம், கரடுமுரடான ஓடுதளத்திலும் இறங்கும். பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் அவற்றைப் பழுதுபார்த்து, சீட் போட்டு, பயணிகள் விமானமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

இன்றைய பழைய கார் மார்க்கெட் மாதிரிதான். சரக்கு மலிவு என்றதும் தொழிலதிபர்கள் வரிசையாக விமானக் கம்பெனி ஆரம்பித்தார்கள். அரசும் தாராளமாக லைசென்ஸ் கொடுத்தது. அந்த அலையில் வந்ததுதான் அழகப்பரின் ஜூபிடர் ஏர்வேஸ். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறந்தது.

வாங்குவது ஈஸி, வைத்திருப்பதுதான் கஷ்டம்

லாரிக்கு எஃப்.சி என்றால், விமானத்துக்கு பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ். இத்தனை மணி நேரம் ஓடினால் இன்ஜினைக் கழற்றி முழுசாகப் பார்த்தே ஆக வேண்டும், நல்லா ஓடுதே என்று விட முடியாது. பைலட், மெக்கானிக் சம்பளம், எரிபொருள், நிறுத்தும் இடத்துக்குக் கட்டணம். விமானம் பறந்தால்தான் வருமானம், தரையில் நின்றாலும் செலவு ஓடிக்கிட்டே இருக்கும்.

அன்றைக்கு டிக்கெட் வாங்கக்கூடியவர்களோ வெகு சிலர். அந்தக் கொஞ்சம் பயணிகளுக்கு இத்தனை கம்பெனிகள் போட்டி! ஜூபிடரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, 1949-ல் சேவை நின்றுபோனது. நாட்டின் தேவைக்கு மேல் கம்பெனிகள் பெருகிவிட்டன என்று 1950-ல் அரசு அமைத்த ராஜாத்யக்ஷா குழு சொன்னது. 1953-ல் விமானப் போக்குவரத்தை அரசு தன் கையில் எடுத்தபோது, அதில் சேர்க்க ஜூபிடர் உயிரோடு இல்லை.

அதே வருஷங்களில் இன்னொரு கணக்கு

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது தேதிகளைத்தான். 1947 ஜூலையில் சென்னையில் ஒரு கூட்டம். வெளியூர்களிலும் கல்லூரிகள் வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் கேட்டுக்கொண்டார். அங்கேயே 1 லட்சம் ரூபாய் கொடுத்தார் அழகப்பர். அடுத்த மாதமே காரைக்குடியில் வாடகைக் கட்டடத்தில் கல்லூரி ஆரம்பமாகிவிட்டது. சுதந்திரம் வர இன்னும் சில நாள்கள் இருந்தன.

காரைக்குடிக்கு மத்திய மின் வேதியியல் ஆய்வு நிறுவனம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு. அதாவது, ஜூபிடர் தடுமாறிய அதே காலத்தில்தான் இந்தக் கொடையும் நடந்தது. தொழில் அடி வாங்கும்போது நாமெல்லாம் முதலில் வெட்டுவது நன்கொடையைத்தானே? அழகப்பர் அதை வெட்டவில்லை. பிறகு, தான் குடியிருந்த வீட்டையே கல்விக்குக் கொடுத்தார்.

1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1957 ஏப்ரல் 5-ல் இறந்தார். மறுநாள் அவருக்கு 48-வது பிறந்தநாள்.

டகோட்டா இன்று விலையுயர்ந்த விண்டேஜ் பொருள். ராஜீவ் சந்திரசேகர் 2011-ல் பிரிட்டனில் குப்பைக்குப் போகவிருந்த ஒன்றை வாங்கி, சரிசெய்து, இந்திய விமானப்படைக்குப் பரிசளித்தார். அது இந்தியா வந்து சேர்ந்தது 2018-ல்தான். அந்த விமானத்துக்கு பரசுராமா என்று பெயர்.

பெரம்பலூரிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போனால், அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தைப் பார்க்காமல் ஊருக்குள் போக முடியாது. ஜூபிடரின் ஒரு விமானம்கூட இன்று பறக்கவில்லை. 1947-ல் வாடகைக் கட்டடத்தில் ஆரம்பித்த கல்லூரியில் மட்டும் இந்த வருஷமும் அட்மிஷன் நடக்கிறது.