ஆற்றில் விளக்கேற்றிய பொறியாளர்

ஆற்றைப் பாடாத மொழி அரிது. ஆற்றின் வீழ்ச்சியை அளந்து, அதனை ஒரு நாட்டின் விளக்காக்க முனைந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அயர்லாந்து மின்பொறியாளர் தாமஸ் மெக்லாக்லின்.

1896ஆம் ஆண்டு டிராகிடா நகரில் பிறந்த அவர், டப்ளினில் பயின்று, கால்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றி, முனைவர் பட்டமும் பெற்றார். 1922ஆம் ஆண்டின் இறுதியில் பெர்லின் சென்று சீமன்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஜெர்மனியின் பொமரேனியா என்னும் வேளாண் பகுதிக்கு மின்சாரம் சென்ற முறையை அங்கு ஆராய்ந்தார். தம் நாட்டிற்கும் அது இயலும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஷானன் ஆறு கில்லலோவிற்கும் லிமரிக் நகருக்கும் இடையே ஏறத்தாழ 30 மீட்டர் தாழ்ந்து இறங்குகிறது. அந்நீரைக் கால்வாய் வழியே ஆர்ட்னக்ரஷாவிற்குக் கொணர்ந்து, ஒரே இடத்தில் வீழ்த்திச் சுழலிகளை இயக்குவதே அவரது திட்டம். நாடு விடுதலை பெற்று, உள்நாட்டுப் போரும் ஓய்ந்து சில காலமே ஆகியிருந்தது. செலவோ 50 லட்சம் பவுனுக்கு மேல். அரசின் ஓராண்டு வரவுசெலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இத்துணை மின்சாரம் யாருக்கு என எள்ளியோர் பலர். கல்லூரித் தோழரும் அமைச்சருமான பாட்ரிக் மெக்கில்லிகன் துணைநின்றார். 1925இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

ஒளிக்கும் நிழலுண்டு. வாரத்திற்கு 32 ஷில்லிங் கூலி போதாதென்று தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், அது வெற்றிபெறவில்லை. ஓவியர் ஷான் கீட்டிங் அக்களத்தையும் உழைப்பாளரையும் வண்ணத்தில் நிலைபெறச் செய்தார்.

1927இல் அமைந்த அயர்லாந்து மின்வழங்கு வாரியத்தின் முதல் மேலாண்மை இயக்குநராக மெக்லாக்லின் பொறுப்பேற்றார். 1929 ஜூலை 22 அன்று ஷானன் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. அடுத்து மின்கம்பிகளை நாடெங்கும் விரைந்து கொண்டுசெல்ல விழைந்தார். விரைவு செலவைப் பெருக்கிற்று. கணக்கு முறையும் கேள்விக்குள்ளாயிற்று. தாம் கனவுகண்டு அமைத்த நிறுவனத்தின் தலைமையை 1931இல் துறந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 35.

மனக்கசப்போடு ஒதுங்கியிருந்தாலும் யாரும் குறைகூறியிரார். ஆயினும், 1932இல் ஆட்சி மாறியபின் அதே வாரியத்தில் இயக்குநராக மீண்டும் அமர்ந்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டு பணியாற்றினார். அயர்லாந்தின் சிற்றூர்களை ஒளிபெறச் செய்யும் பெரும்பணி 1946இல்தான் தொடங்கியது. 1971இல் அவர் மறைந்தார். திட்டம் வகுத்தபோது வெளிப்பட்டது அவரது அறிவு. தலைமை இழந்த இடத்திற்கே உழைக்கத் திரும்பியபோது வெளிப்பட்டது அவரது பண்பு.