நிழல் திரும்பும் நகரின் மன்னர்: சுவாதித் திருநாள்

திருவிதாங்கூரை ஆண்ட மன்னர்களுள் இசையாலும் கல்வித் தொண்டாலும் புகழ் பெற்றவர் சுவாதித் திருநாள் இராமவர்மா. அவர் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகம் இன்றும் அவர் பெயரை நினைவூட்டி நிற்கிறது. வலஞ்சுழி, இடஞ்சுழி என்று நாம் வழங்கும் சுற்றுத் திசைகள் இயற்கை வகுத்தவையா, மனிதர் வகுத்தவையா? இவ்வினாவிற்கு அம்மன்னரின் வாழ்வும் அவர்தம் நகரமும் விடை கூறுகின்றன.

பிறப்பும் இளமையும்

சுவாதித் திருநாள் 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிறந்தார். சுவாதி விண்மீன் நாளில் பிறந்தமையால் அப்பெயர் பெற்றார். தாயார் அரசி கௌரி இலட்சுமி பாய். குழந்தை பிறக்கும் முன்பே நாட்டின் அரியணை அதற்காகக் காத்திருந்தது. தாயார் 1815ஆம் ஆண்டு மறைந்தார். சிற்றன்னை கௌரி பார்வதி பாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றுக் குழந்தையையும் வளர்த்தார். தஞ்சையிலிருந்து வந்த சுப்பாராவ் இளவரசருக்கு ஆசிரியராக அமைந்தார். பல மொழிகளையும் கணிதத்தையும் இசையையும் கற்ற இளவரசர், 1829ஆம் ஆண்டு தம் பதினாறாம் வயதில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

அரசும் கலையும்

1834ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கப் பெற்றது. அதுவே பின்னாளில் பல்கலைக்கழகக் கல்லூரியாக வளர்ந்தது. 1836ஆம் ஆண்டு நாட்டின் மக்கள்தொகை கணக்கிடப்பட்டது. மன்னரின் அவையைத் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தோர் அணி செய்தனர். வடிவேலுவின் வயலின் இசையில் மகிழ்ந்த மன்னர், தந்தத்தாலான வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். மேலைநாட்டார் வயலினை மோவாயின்கீழ் வைத்து வாசிப்பர். நம் கலைஞரோ தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிப்பர். கருவி ஒன்றே; பிடிக்கும் முறை வேறு. இரு முறைகளுக்கும் தக்க காரணங்கள் உண்டு.

வானாய்வகம்

ஆலப்புழையில் வணிக முகவராகப் பணிபுரிந்த ஜான் கால்டெகாட் வானியலில் தேர்ந்தவர். மன்னர் அவரை முதல் இயக்குநராக அமர்த்தி, 1837ஆம் ஆண்டு வானாய்வகத்தை நிறுவினார். அப்பொழுது மன்னருக்கு வயது இருபத்துநான்கு. ஐரோப்பாவிற்குச் சென்று சிறந்த கருவிகளை வாங்கி வரும் பொறுப்பும் கால்டெகாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. திருவனந்தபுரம் புவியின் காந்த நடுக்கோட்டிற்கு அருகில் இருந்தமையால், அங்கு எடுக்கப்படும் காந்த அளவீடுகளை அறிஞர் பெரிதும் மதித்தனர்.

அளவெடுப்போர் முதலில் சில மரபுகளுக்கு உடன்பட வேண்டும். எத்திசையிலிருந்து எண்ணத் தொடங்குவது? எப்பக்கமாக எண்ணுவது? எந்நேரத்தைப் பொது நேரமாகக் கொள்வது? அக்காலத்தில் உலகின் பல காந்த ஆய்வகங்கள் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர நேரத்தைப் பொது நேரமாகக் கொண்டன. வேறொரு நகரின் நேரத்தையும் கொண்டிருக்கலாம். எனினும் ஒன்றைத் தெரிந்தெடுத்த பின் அனைவரும் அதனையே பின்பற்றினாலன்றி ஒருவர் கணக்கு மற்றொருவர்க்குப் பயன்படாது.

நிழல் கூறும் செய்தி

சமதரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு அதன் நிழலை நோக்குவோம். தில்லியில் காலையில் நிழல் மேற்கே விழும். நண்பகலில் வடக்கே சுருங்கும். மாலையில் கிழக்கே நீளும். மேலிருந்து காண்போர்க்கு நிழல் வலஞ்சுழியாகத் திரும்பும். கடிகாரங்கள் முதலில் உருவான ஐரோப்பிய நாடுகளிலும் நிழல் அவ்வாறே திரும்பியது. நிழற்கடிகாரத்தில் பழகிய மக்கள் கடிகார முள்ளையும் அதே திசையில் ஓடவிட்டனர் என்பர். புவிநடுக்கோட்டிற்குத் தெற்கே தொலைவில் உள்ள நாடுகளில் நிழல் எதிர்த்திசையில் திரும்பும். தென்னமெரிக்க நாடான பொலிவியாவில், லா பாஸ் நகர நாடாளுமன்றக் கட்டடக் கடிகாரம் 2014ஆம் ஆண்டு இடஞ்சுழியாக ஓடுமாறு மாற்றப்பட்டது. அந்நிலத்து நிழலை நோக்கினால் அதுவும் பொருத்தமே.

திருவனந்தபுரமோ இரண்டையும் காட்டும் நகரம். அது ஏறத்தாழ 8.5 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் ஞாயிறு தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அம்மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். அதனையொட்டிய வேளையில் நிழல் இடஞ்சுழியாகத் திரும்பும். எஞ்சிய மாதங்களில் அது வலஞ்சுழியாகத் திரும்பும். மன்னர் பிறந்த ஏப்ரல் 16ஆம் நாளில் நிழல் தெற்கே விழத் தொடங்கிச் சில நாள்களே ஆகியிருக்கும்.

புவியின் சுழற்சியும் இத்தகையதே. வடமுனைக்கு மேலிருந்து காண்போர்க்குப் புவி இடஞ்சுழியாகச் சுழலும். தென்முனைக்கு மேலிருந்து காண்போர்க்கு வலஞ்சுழியாகச் சுழலும். சுழற்சி ஒன்றே, காணும் இடமே வேறு.

வலம்புரிச் சங்கு

திருவிதாங்கூரின் அரச முத்திரையில் இடம்பெற்றது வலம்புரிச் சங்கு. சங்கின் சுருள் தொடங்கும் உச்சியை மேலாக வைத்து நோக்குவது விலங்கியலார் மரபு. அவ்வாறு நோக்கினால் வலம்புரியின் வாய் இடப்பக்கம் இருக்கும்; ஆதலின் அவர்கள் அதனை இடஞ்சுழிச் சங்கு என்பர். நம் முன்னோர் அதன் மெலிந்த வால்பகுதியை மேலாக வைத்து நோக்கினர். அப்பொழுது வாய் வலப்பக்கம் தோன்றும். இருவரும் பிழை செய்யவில்லை. வைத்து நோக்கும் முறையே வேறு. அம்முறையைக் கூறாது பெயரை மட்டும் கூறுவதே குழப்பத்தை விளைவிக்கும்.

இறுதிக் காலம்

1840ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் பிரதிநிதியாக வில்லியம் கல்லன் வந்தார். ஆட்சியில் அவர் தலையீடு நாளுக்குநாள் மிகுந்தது. தம் நாட்டின் முடிவுகளைத் தாம் எடுக்க இயலாத நிலையில் மன்னர் மனம் நொந்தார். பலர் கூடி ஏற்கும் மரபு அனைவரையும் இணைக்கும். ஒருவர் சுமத்தும் ஆணை உள்ளத்தைப் புண்படுத்தும். இசையிலும் இறைவழிபாட்டிலும் ஒதுங்கிய மன்னர், 1846ஆம் ஆண்டு டிசம்பரில் முப்பத்துமூன்றாம் வயதில் மறைந்தார். அவர் நிறுவிய வானாய்வகத்தில் ஆய்வுகள் தொடர்ந்தன.

சுற்றுத் திசைகளின் பெயர்கள் மனிதர் வகுத்தவை. ஆயினும் அவை காரணமின்றித் தோன்றியவை அல்ல. நிலமும் நிழலும் பழக்கமும் அவற்றிற்கு அடிப்படையாயின. வேற்று நிலத்தில் வேற்று மரபைக் காணும்போது அதனைப் பிழை என்று தள்ளாமல், எங்கு நின்று நோக்கினர் என்று கேட்பதே அறிவுடைமை.

சொற்பொருள்

வலஞ்சுழி – கடிகார முள் செல்லும் திசையிலான சுற்று
இடஞ்சுழி – கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலான சுற்று
மரபு – பலரும் ஏற்றுப் பின்பற்றும் முறை
ஞாயிறு – சூரியன்
மோவாய் – முகவாய்

பயிற்சி

1. திருவனந்தபுரம் வானாய்வகம் எந்த ஆண்டு நிறுவப்பட்டது? அதன் முதல் இயக்குநர் யார்?
2. வலம்புரிச் சங்கினை விலங்கியலார் இடஞ்சுழிச் சங்கு என்பது ஏன்?
3. மரபுக்கும் ஆணைக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. செயல்பாடு: திறந்தவெளியில் குச்சி ஒன்றை நட்டு, முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை அரைமணிக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்க. நிழல் எப்பக்கமாகத் திரும்பியது? ஜூன் மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும் செய்து ஒப்பிட்டு எழுதுக.