டாக்டர் சுப்பாராவின் மாத்திரை

யானைக்கால் வியாதி உள்ள ஜில்லாக்களில், 2004-ம் வருஷம் முதல் சர்க்கார் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மாத்திரை கொடுத்து வந்திருக்கிறார்கள். கைநீட்டி வாங்குகிறவர்களில் பலர், ஊழியர் தெருக்கோடி திரும்பியதும் அதைச் சாக்கடையில் எறிந்துவிடுகிறார்கள். தேகத்தில் ஒரு குறையும் இல்லாதபோது மருந்து எதற்கு என்பது அவர்கள் கட்சி. பழைய சென்னை ராஜதானியில் பிறந்து, கதருக்காகப் பட்டத்தை இழந்த ஒருவரின் தலைமையில் உண்டான மருந்து அது என்பதை அறிந்தவர் சிலரே. அம்மனிதரின் சரித்திரத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியிலிருந்து தேறினார். ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவு பூண வேண்டுமென்பது அவருடைய இளமை விருப்பம். தாயார் இணங்கவில்லை. வைத்தியம் கற்றால் ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாமே என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் புகுந்தார்.

அப்பொழுது தேசமெங்கும் அந்நியத் துணி பகிஷ்காரம் பரவியிருந்தது. காந்தியடிகளின் அழைப்பை ஏற்ற சுப்பாராவ், ரண சிகிச்சைக்கு அணியும் அங்கியையும் கதரிலேயே தைத்து அணிந்தார். சஸ்திர வைத்தியம் போதித்த வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையில் நன்றாகத் தேறியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சர்க்கார் வைத்திய இலாகாவின் கதவு இவ்வாறு அடைபட்டதும், அவர் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார்.

இதற்கிடையில் ஸ்ப்ரூ என்னும் கொடிய பேதி வியாதி அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிற்று. அவரையும் அது பிடித்தது. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்தார். இவ்வியாதிகளின் மூலத்தைக் காணாமல் ஓய்வதில்லை என்ற உறுதியோடு, மாமனாரும் காக்கிநாடாவின் ஒரு தர்ம ஸ்தாபனமும் செய்த உதவியால் கப்பலேறி, 1922-ம் வருஷம் அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார்.

அங்கே வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் இரவு வேளையில் கடைநிலை ஊழியம் செய்தார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஸைரஸ் பிஸ்கேயுடன் சேர்ந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். தசைகளின் சக்திக்கு ஆதாரமான பாஸ்போகிரியாட்டினையும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் இருவரும் கண்டறிந்தனர். இவ்வளவு செய்தும் நிலையான உத்தியோகம் அங்கே கிட்டவில்லை. 1940-ல் லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் தலைமையில் வேலை செய்த குழுவினர் 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். சகோதரர்களைப் பறித்த அதே ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்களை யானைக்கால் கிருமி பிடித்தது. அதற்கு மருந்து தேடி நூற்றுக்கணக்கான பொருள்களை எலிகளிடம் சோதித்ததில், 1947-ல் அகப்பட்டது ஹெட்ரஸான். இன்று டி.இ.சி. என வழங்குவது இதுவே.

இம்மருந்தின் விந்தை ஒன்றுண்டு. நோயாளியின் இரத்தத்தில் சேரக்கூடிய அளவு மருந்தைக் கண்ணாடிக் குழாயிலுள்ள புழுக்குஞ்சுகளின்மேல் இட்டால் அவை சாவதில்லை. வாய்வழியாக உட்கொண்டாலோ, சில மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. எலிகளில் செய்த சோதனைகளில், அவை ஈரலில் சிக்கி, விழுங்கும் அணுக்களால் அழிக்கப்படுவது 1950-ல் தெரியவந்தது. மருந்து பகைவனைக் காட்டிக்கொடுக்கிறது. கொல்வது நம் சரீரத்தின் சொந்தக் காவற்படை.

இக்காவல் கருவிலேயே உடன் வருவது. விழுங்கும் அணுக்களை 1882-ல் மெச்னிகாப் நட்சத்திர மீனின் குஞ்சுகளில் கண்டார். 1895-ல் பாரிஸில் ஜூல்ஸ் போர்டே, இரத்தத் தெளிநீரைச் சூடாக்கினால் கிருமியைக் கொல்லும் திறனை அது இழப்பதையும், சூடாக்காத தெளிநீரைச் சிறிது சேர்த்தால் அத்திறன் மீள்வதையும் காட்டினார். சூட்டில் அழியும் அப்பொருளே காம்ப்ளிமெண்ட் எனப்படும் துணைப் புரதக் கூட்டம். 30-க்கு மேற்பட்ட இப்புரதங்கள் பெரும்பாலும் ஈரலில் உற்பத்தியாகி இரத்தத்தில் உறங்கும் நிலையில் உலவுகின்றன. அந்நியக் கிருமியைத் தொட்டதும் ஒன்று மற்றொன்றை எழுப்புகிறது. சில புரதங்கள் கிருமியின்மேல் ஒட்டி அடையாளமிடுகின்றன. சில வெள்ளணுக்களைக் கூவி அழைக்கின்றன. சில ஒன்றுகூடிக் கிருமியின் தோலில் துளையிடுகின்றன. யானைக்கால் புழுவோ இக்காவலை ஏய்த்துப் பல வருஷம் நம்முள்ளே வாழவல்லது. டி.இ.சி. உட்சென்றதும் இரத்தத் தட்டுகளும் வெள்ளணுக்களும் புழுக்குஞ்சுகளைப் பற்றுகின்றன. அவற்றின் ஏய்ப்பு அத்துடன் முடிகிறது.

மாத்திரை விழுங்கிய சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. உள்ளே புழு இருந்தது, அது மடிகிறது என்பதற்கு அது சாட்சி. ஆரோக்கியமாகத் தோன்றுகிறவர் இரத்தத்திலும் குஞ்சுகள் இருக்கலாம். கொசு அவரிடமிருந்தே அண்டை வீட்டாருக்கு அவற்றைக் கொண்டு செல்கிறது. வீங்கிப் பருத்த காலை எந்த மாத்திரையும் பழையபடி ஆக்காது. ஆகையால் கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் நீங்கலாக, யாவரும் கொடுப்பவர் எதிரிலேயே அதை விழுங்குவது கடமை என்போம்.

சுப்பாராவ் தாய்நாடு திரும்பவேயில்லை. 1948-ம் வருஷம் ஆகஸ்டில், 53-ம் வயதில், நியூயார்க் ராஜ்யத்தில் உறக்கத்திலேயே காலமானார். சுதந்திர இந்தியாவுக்கு அப்பொழுது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய நூற்றாண்டான 1995-ல் நம் தேசம் அவர் உருவத்தைத் தபால் தலையில் பொறித்தது. பட்டத்தை மறுத்தவர்களை இன்று நினைப்பாரில்லை. கதரங்கி அணிந்த மாணவரின் மருந்தோ உலகமெங்கும் கோடிக்கணக்கான ஜனங்களின் வயிற்றில் இறங்கியிருக்கிறது.

மதுரை கும்பகோணத்தைப்போல் இவ்வியாதிக்குப் பேர்பெற்ற ஊரன்று. ஆனால் இதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு தேங்கிய அழுக்கு நீரில் பிறப்பது. ஒருகாலத்தில் நதியாக இருந்த கிருதுமால் இன்று நகரின் நடுவே சாக்கடையாகக் கிடக்கிறது. கொசுக்களால் வரும் வியாதிகளை ஆராயும் நிலையம் 1985-ல் மதுரையிலேயே ஸ்தாபிக்கப்பட்டது. நகரசபையும் நகரத்தாரும் சாக்கடைகளில் நீர் தேங்காதபடி செய்திருந்தால் கொசு இவ்வளவு பெருகியிராது. கடலுக்கு அப்பாலுள்ள இலங்கை யானைக்காலைப் பொதுப் பிரச்சினையாக இராதபடி ஒழித்துவிட்டதென்று 2016-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. அண்டை வீட்டாரால் முடிந்தது நம்மால் முடியாதா?

புழுவைக் கொல்வது நம் சரீரத்தின் சொந்தப் படையே. மருந்து அதைத் தட்டி எழுப்ப மட்டுமே வல்லது. ஊரின் விஷயமும் அப்படியே. சர்க்கார் மாத்திரை கொடுக்கலாம். விழுங்க வேண்டியவர்களும், வாசல் சாக்கடையைச் சுத்தம் செய்ய வேண்டியவர்களும் நாமே.