தேக்கு வளர்த்த கனோலி துரை

நெல் விதைத்தவன் சில திங்களில் அறுக்கின்றான். தென்னை வைத்தவன் தன் காலத்திலேயே இளநீர் பருகுகின்றான். தேக்கோ அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே வெட்டுதற்குரிய பருவம் எய்துவது. ஆதலின் அதனை நடுவோர் பெரும்பாலும் பிறர்க்காகவே நடுகின்றனர். அங்ஙனம் நட்டவருள் முன்வைத்து எண்ணத்தக்கவர், சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபார் ஜில்லாவில் கலெக்டராய் விளங்கிய ஹென்றி வாலன்டைன் கனோலி என்பவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கனோலி 1806-இல் பிறந்து, 1824-இல் சென்னை அரசாங்க சேவையில் அமர்ந்தார். அக்காலத்தில் கப்பல் கட்டுதற்குத் தேக்கினும் சிறந்த மரம் வேறில்லை எனக் கருதப்பட்டது. மலபார்க் காடுகளிலிருந்து அது பம்பாய்க் கப்பற்றுறைக்கு ஓயாது சென்றது. வெட்டுவோர் பலர், நடுவோர் இலர். இதனைக் கண்ட கனோலி, சாலியாற்றங்கரையிலுள்ள நிலம்பூரில் நிலங்களைக் குத்தகைக்குப் பெற்றுத் தேக்குப் பயிரிடத் தொடங்கினார்.

தொடக்கம் இனிதாக அமையவில்லை. தேக்கின் கொட்டை வன்மையான ஓடுடையது, எளிதில் முளையாது. மேற்றோலை நீக்கி விதைத்தனர். மேலே வைக்கோலிட்டு எரித்தும் பார்த்தனர். கிளைகளை நட்டு, நுனி உலராவண்ணம் மெழுகிட்டுங் காத்தனர். இம்முயற்சிகள் பலவும் வீணாயின. 1844-இலேயே வழி புலப்பட்டது. நன்கு முதிர்ந்த கொட்டைகளை நீரில் ஊறவைத்து, நிழலுள்ள பாத்திகளில் விதைத்து, நாள்தோறும் நீர்தெளித்து, மழைக்காலத் தொடக்கத்தில் நாற்றுகளைப் பறித்து நடுதலே அவ்வழி.

இப்பெரும்பணியைக் கையால் நிறைவேற்றியவர் அவர் கீழ்ப் பணியாற்றிய சாத்து மேனோன். களை நீக்கியும், கொடிகளை அறுத்தும், நெருங்கிய கன்றுகளைக் கலைத்து ஒளிக்கு இடஞ்செய்தும் அவர் 1862 வரை பேணிய மரங்கள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை. கனோலியின் பெயரைக் கூறுமிடத்தெல்லாம் இவர் பெயரையும் கூறுதல் கடனென்போம்.

கனோலியின் முடிவு இரங்கத்தக்கது. அந்நாளில் மலபாரில் ஜன்மிகளுக்கும் மாப்பிள்ளைக் குடியானவருக்கும் இடையே பூசல் மிகுந்து, பன்முறை கலகம் விளைந்தது. அரசினர் கடுஞ்சட்டங்களாலும் தண்டங்களாலும் அதனை அடக்க முயன்றனர். கனோலியும் அதில் முன்னின்றார். 1852-இல் மம்புறம் சையிது பசல் தங்ஙள் நாடு நீங்க நேர்ந்தது. 1855 செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு, கோழிக்கோட்டில் தம் இல்லத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த கனோலியைச் சிறையினின்று தப்பியோர் சிலர் வெட்டிக் கொன்றனர். விதை முளையாமைக்குக் காரணத்தைப் பொறுமையோடு ஆராய்ந்தவர், மக்கள் கொதித்தெழுந்தமைக்குக் காரணத்தையும் அப்பொறுமையோடு ஆராய்ந்திருப்பரேல் நன்றாயிருக்கும் என்று நாம் எண்ணாதிருத்தல் இயலவில்லை.

அவர் நட்ட மரங்கள் முதிருமுன்னரே கப்பல்கள் இரும்பால் ஆயின. கருதிய பயன் போயிற்றாயினும் மரம் வீண்போகவில்லை. வீடுகளுக்கும் வேறு தொழில்களுக்கும் உதவிற்று. 1846-இல் நட்டவற்றுள் சில இன்றும் நிலம்பூரில் வானளாவி நிற்கின்றன. நம் உழைப்பு எவ்வழியிற் பயன்படுமென்று நாம் அறியோம். நாற்றைப் பழுதின்றி நடுதலே நம் கையில் உள்ளது.