ரயில்வேயில் வேலை பார்த்த வேட்டைக்காரர்

ஜிம் கார்பெட் என்றதும் நமக்குப் புலி நினைவுக்கு வரும். ரயில் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அவர் இருபது ஆண்டுகள் ரயில்வே வேலையில் உழைத்தவர். லீவு கிடைத்தபோதுதான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனவர்.

1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி நைனிடாலில் பிறந்தார். தகப்பனார் அவ்வூர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம். ஜிம் சிறுவனாக இருந்தபோதே தகப்பனார் காலமாகிவிட, தாயார்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். குளிர்காலத்தில் குடும்பம் மலையடிவாரத்துக் காலாதுங்கிக்கு இறங்கிவரும். வீட்டைச் சுற்றிக் காடு. அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம்.

உடைந்த துப்பாக்கி

முதலில் கவண், பிறகு வில். அதன்பின் கைக்கு வந்தது, பிறர் பயன்படுத்திக் கழித்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. வாய் வழியே மருந்து கெட்டிக்கும் வகை. ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையைப் பித்தளைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மிஞ்சிய ஒற்றைக் குழலால் ஒரு தடவை சுட்டால், மறுபடி கெட்டிக்க நேரமாகும். வறுமையும் சேர்ந்துகொண்டதால், குறி நிச்சயமில்லாமல் சுடக்கூடாது என்ற பாடம் சிறுவயதிலேயே மனதில் பதிந்தது.

பத்து வயதில் பள்ளி மாணவர் படையில் நன்றாகச் சுட்டதற்காக, மார்ட்டினி ரைபிள் ஒன்று இரவலாகக் கிடைத்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் காட்டில் திரிந்தார். புள்ளிமான் எப்போது குரல் கொடுக்கும், கடமான் எதைக் கண்டு கத்தும், குரைக்கும் மான் ஏன் குரைக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாயிற்று. மானின் குரலை வைத்தே புலி நடக்கும் பாதையைச் சொல்லிவிடுவார்.

மொகாமா காட்டில் கூலிக்காரர்களோடு

மேற்படிப்புக்கு வசதியில்லை. பதினெட்டு வயதை ஒட்டி, வங்காள வடமேற்கு ரயில்வேயில் எரிபொருள் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். எஞ்சினுக்கு விறகு வெட்டி அனுப்பும் வேலை. பிறகு, 21 வயதில், பீகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில் சரக்கு மாற்றும் காண்டிராக்ட் கிடைத்தது. அகலப் பாதை வண்டியில் வரும் மூட்டையை இறக்கி, ஆற்றைக் கடத்தி, மீட்டர் கேஜ் வண்டியில் ஏற்ற வேண்டும். அங்கே ரயில் பாலம் திறக்கப்பட்டது 1959இல்தான்.

ஆரம்பத்தில் சில மாதம் ரயில்வேயிலிருந்து பணம் வரவில்லை. கூலிக்காரர்கள் ஒருவேளைச் சோற்றோடு மூட்டை சுமந்தார்கள். கார்பெட்டும் அவர்களோடு தோள் கொடுத்துச் சுமந்தார். கடைசியில், பணம் வராவிட்டால் மறுநாள் வேலை நின்றுவிடும் என்று தந்தி அடித்தார். காவலோடு பணம் வந்து சேர்ந்தது. அத்தனை நாளும் ஆட்கள் அவரை விட்டுப் போகவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணுடன் சேர்ந்து, கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார்.

436 உயிர்கள்

1907இல் லீவில் இருந்தபோது சம்பாவத் பெண்புலியைத் தேடிப் போனார். நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரை அது கொன்றிருந்தது. அரசு அறிவித்திருந்த பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. காசுக்காகச் சுட்டான் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

புலி விழுந்தபின் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்பு யாரோ சுட்ட குண்டின் வேலை அது. பல் போன புலியால் மானைப் பிடித்துக் கொல்ல முடியவில்லை, மனிதனிடம் வந்துவிட்டது. குறி தவறிய ஒரு குண்டுக்கு இத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன. காயப்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவனை அவர் வேட்டைக்காரனாக மதிக்கவில்லை.

பரிசாக வந்த ரைபிள்

இந்த உதவிக்காக ஐக்கிய மாகாண லெப்டினென்ட் கவர்னர் ஜான் ஹியூவெட், லண்டன் ரிக்பி கம்பெனி செய்த .275 ரைபிளை அவருக்கு வழங்கினார். மௌசர் முறையில் அமைந்த போல்ட் ரைபிள் அது. தாழ்ப்பாளைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும்; முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். புலிக்கென்று செய்த பெரிய துப்பாக்கிகளை விட எடை குறைவு; மான் வேட்டைக்கு ஏற்றது. கார்பெட் இதையே புலிக்கும் சிறுத்தைக்கும் எடுத்துச் சென்றார்.

1926 மே மாதம், கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரிகர்களை நடுங்க வைத்த ருத்ரபிரயாக் சிறுத்தையை இதனால் வீழ்த்தினார். அது 125 பேரைக் கொன்றிருந்தது. 1930இல் சௌகர் பெண்புலி சில அடி தூரத்தில் எதிர்ப்பட்டபோது, இடது கையில் பறவை முட்டைகள் இரண்டு. வலது கையில் இந்த ரைபிள். புலி பாய்ந்துவிடாதபடி துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பி, ஒற்றைக் கையாலேயே சுட்டார். முட்டைகளைப் பத்திரமாகக் கூட்டிலேயே திருப்பி வைத்தார்.

1917இல் முதல் உலகப் போருக்காகக் குமாவோன் தொழிலாளர் 500 பேரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார்; ஒருவர் தவிர அனைவரையும் ஊர் திருப்பினார். சோட்டி ஹல்த்வானி கிராமத்தை விலைக்கு வாங்கிக் குடியானவர்களைக் குடியமர்த்தினார். பன்றியும் மானும் பயிரை அழிக்காதிருக்க ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். அந்நிலத்தின் தீர்வையைக் கடைசிவரை அவரே கட்டினார்.

துப்பாக்கியிலிருந்து காமிராவுக்கு

வயது ஏற ஏற, சுடுவதை விடப் படம் பிடிப்பதில் நாட்டம் வந்தது. ஆட்கொல்லிகளைத் தவிர மற்றப் புலிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதினார், பேசினார். 1936இல் ஹெய்லி தேசியப் பூங்கா அமைவதற்கும் பாடுபட்டார். 1944இல் வெளிவந்த குமாவோன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் அவரை உலகறியச் செய்தது.

1947இல் தமக்கை மேகியுடன் கென்யா சென்றார். 1955 ஏப்ரல் 19ஆம் தேதி நியேரியில் காலமானார். அவர் பாடுபட்ட பூங்காவுக்கு 1957இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், மான் வேட்டைக்கென்று ரைபிள் வாங்கும் காலமும் இந்நாட்டில் மலையேறிவிட்டது.

டெல்லியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் லீவில் ராம்நகர் வரை ரயிலிலேயே போகலாம். அங்கிருந்து பஸ்ஸில் காலாதுங்கி. கார்பெட்டின் வீடு இன்று அருங்காட்சியகம். புலியைப் பார்க்கக் காட்டுக்குள் போகிறவர்கள், மூட்டை சுமந்த இந்த மனிதரின் வீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும்.