கைப்பிடி சுழற்றிய கோவைத் தமிழன்

கோவையிலே வெரைட்டி ஹால் ரோடு என்றொரு சாலை உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் சாலை. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? எவர் உழைப்பின் அடையாளம் அது? கேட்டால் விழிப்போரே அதிகம். ஆகவேதான், சாமிக்கண்ணு வின்சென்டின் கதையை இன்று எடுத்து வைக்கிறோம்.

1883ல் கோவையில் பிறந்தவர். சீமான் வீட்டுப் பிள்ளை அல்ல. பட்டம் பல பெற்றவரும் அல்ல. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் தீட்டும் ஊழியர். அளவுகோலும் பென்சிலுமே அவருடைய ஆயுதங்கள்.

1905ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடல்நலம் குன்றியது, தாயகம் திரும்ப எண்ணினார், கருவிகளை விற்க முன்வந்தார். விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். அந்நாளில் ஒரு சாதாரண ஊழியருக்கு அது எத்தகைய தொகை! ஆயினும் வின்சென்ட் தயங்கவில்லை. பணம் திரட்டினார், வாங்கினார். மாதம் பிறந்தால் சம்பளம் தரும் வேலையை உதறினார். உற்றாருக்கு அது விளையாட்டுப் பொருளாகத் தெரிந்திருக்கக்கூடும். அவருக்கோ அது வாழ்வு!

அந்தக் கருவி எப்படி வேலை செய்தது என்பதைத் தொழிலாளத் தோழர்கள் அறிந்துகொள்வது நல்லது. பின்னே விளக்கு. அதன் ஒளியைத் திரட்டிப் படச்சுருள்மீது பாய்ச்ச ஒரு கண்ணாடி வில்லை. முன்னே மற்றொரு வில்லை. தபால்தலை அளவுப் படத்தை ஆளுயரத்திற்குப் பெரிதாக்கி வெள்ளைத் துணியில் வீழ்த்துவது அதுதான். அதனை முன்னும் பின்னும் நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்தினால்தான் உருவம் தெளியும். இவ்வளவுக்கும் மோட்டார் கிடையாது. மனிதன் கைதான் மோட்டார்! ஓர் அடிச் சுருளில் 16 படங்கள். வினாடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் கைப்பிடியைச் சுழற்றவேண்டும். கை தளர்ந்தால் திரையில் மனிதன் தள்ளாடுவான், விரைந்தால் துள்ளுவான். ஆயிரம் அடிச் சுருள் முடிய ஏறக்குறைய 17 நிமிடம். அதுவரை கை ஓயக்கூடாது, கண் அசரக்கூடாது. சுருளோ எளிதில் தீப்பற்றும் பொருள். பக்கத்திலே எரியும் விளக்கு. மேலே துணிக் கூடாரம்! நெருப்போடு நடத்திய தொழில் அது, நண்பர்களே!

கூடாரத்தைச் சுமந்துகொண்டு தென்னாட்டு ஊர்களிலும் சென்னையிலும் காட்டினார். வடநாடும் பர்மாவும் சென்றார். எழுதப் படிக்கத் தெரியாத ஏழையும் உலகத்தை உட்கார்ந்த இடத்திலே கண்டான்.

ஊர் சுற்றியவர் சொந்த ஊரை மறக்கவில்லை. 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் எழுந்தது. பின்னாளில் டிலைட் எனப் பெயர் பெற்ற அரங்கம் அதுவே. பைக்காரா மின்சாரம் 1930களில் வருமுன்பே, சொந்த மின் இயந்திரம் வைத்து ஒளி தந்தார். அந்த மின்சாரத்தைக்கொண்டு அச்சகமும் மாவு, அரிசி ஆலையும் நடத்தினார். படம் காட்ட வந்த கருவி, ஊருக்குத் தொழிலும் கொண்டுவந்தது!

1931ல் தமிழ்த்திரை பேசத் தொடங்கியது. பேசும்படம் எடுக்கும் வசதி அப்போது தென்னாட்டில் இல்லை. கல்கத்தாவின் பயனீர் நிறுவனத்தோடு சேர்ந்து 1933ல் ‘வள்ளி திருமணம்’ வெளியிட்டார். டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படம் பெருவெற்றி கண்டது. கல்கத்தாவுக்கு ஓடவேண்டிய நிலை ஏன் என்ற கேள்விக்கு, 1930களில் கோவையே விடை தந்தது. சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது; அதன் தோற்றத்திலும் அவருக்குப் பங்குண்டு. பஞ்சாலை நகரம் படநகரமும் ஆயிற்று.

1942ல் வின்சென்ட் மறைந்தார். இன்று சுருளும் இல்லை, கைப்பிடியும் இல்லை, எல்லாம் டிஜிட்டல். புதிய கருவியை நாம் வெறுக்கவில்லை. அவரே ஒரு காலத்தில் புதிய கருவியைக் கட்டித் தழுவியவர்தானே! ஆனால், அந்த மாற்றத்தில் வேலையிழந்த ஆப்பரேட்டர்களின் பெயர்களை எந்தத் திரை காட்டிற்று? நடிகனின் முகம் நாட்டுக்குத் தெரியும். அந்த முகத்தைத் தெளிவாகத் திரையில் நிறுத்தியவன், இருட்டறையிலே நின்றவன் அல்லவா!

வெரைட்டி ஹால் ரோட்டில் அடுத்தமுறை நடக்கும்போது, தோழர்களே, ஒரு கணம் நில்லுங்கள். இங்கே ஒரு ரயில்வே ஊழியர் தமது கையால் ஒளியைச் சுழற்றினார் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவருக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றி அதுவே.